மலைக்குத் தெரியாதவர்கள்

சிம்போத்தே துறைமுகம்
பிப்ரவரி 20, 1998

அன்புள்ள தோமிதிலா அக்காவுக்கு,

உன் தம்பி எலாதியோ எழுதுகிறேன். நானும் நொர்மாவும் சுகம். நீயும் உன் கழுதைகளும் அடுப்படியில் ஓடித்திரியும் குய்க் கினிப்பன்றிகளும் சுகந்தானே? கழுதையோடு சேர்த்து விசாரித்ததற்குக் கோபப்படாதே. உனக்கு அடுத்தபடி அந்த வீட்டில் எனக்குப் பழக்கமானவை அவைதான்.

இங்கே கடல் வெந்நீராகிவிட்டது. நெத்திலியெல்லாம் குளிர்ச்சி தேடித் தெற்கே ஓடிவிட்டன. இந்தப் பாழாய்ப்போன வெப்பத்துக்கு எல் நினோ என்று குழந்தை ஏசுவின் பெயரை எந்த மகராசன் வைத்தானோ. படகுகள் கட்டிப்போட்ட மாடுகள் மாதிரி கரையில் நிற்கின்றன. மீன்மாவு ஆலையில் எங்களுக்குக் கொஞ்ச நாள் விடுப்பு கொடுத்திருக்கிறார்கள்.

அதனால் ஒரு யோசனை. கிய்யாகோச்சா ஏரியைப் பார்க்க லீமாவிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்கிவிடுகிறார்கள், மகாரியோதான் வழிகாட்டிகளைச் சேர்த்து நடத்துகிறான் என்று எழுதியிருந்தாயே. அவனுக்கு இன்னோர் ஆள் வேண்டுமா என்று கேள். அந்த ஏரிக்குப் போகிற பாதையில் எனக்குத் தெரியாத கல் உண்டா?

உன் தம்பி பெண்டாட்டி நொர்மா உன் கன்னத்தில் ஒரு முத்தம் தரச் சொன்னாள். பதில் போடு.

உன் எலாதியோ

*

சக்காபம்பா
மார்ச் 18, 1998

என் அன்புத் தம்பிக்கு,

கடவுள் புண்ணியத்தில் நலம். மழையில் பாதை சரிந்து லாரி வரவில்லை, அதனால்தான் தாமதம். மீன் எல்லாம் ஓடிவிட்டது என்கிறாய், ஆனால் உன் கடிதம் மட்டும் வழக்கம்போல நாறுகிறது. பிரித்த கையோடு பூனை வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது.

மகாரியோவைக் கேட்டேன். "ஊர்ல பொறந்தவன்னா சரி. ஒரு கூட்டத்தை ஏரி வரைக்கும் ஏத்தி, பொழுது சாயறதுக்குள்ள எறக்கிட்டு வரணும். நான் பின்னாலயே வந்து பார்ப்பேன். தேறிட்டான்னா அவன் நம்ம ஆளு," என்றான். சான் யுவான் திருவிழாவுக்கு மறுநாள் ஒரு கூட்டம் வருகிறதாம். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முதல் மேட்டிலேயே சொரோச்சே பிடித்துவிடுகிறது. தலைவலி, வாந்தி, மூச்சு வாங்கல். மகாரியோ அவர்கள் கையில் கொக்கா இலையைத் திணித்து, மெல்ல வைத்து, மூன்றடிக்கு ஒருமுறை நிற்கவைத்துக் கூட்டிப்போகிறான். ரொம்ப முடியாதவர்களைக் கழுதையில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடுகிறான்.

நீ வா. ஆனால் திருவிழாவுக்கு வெகு முன்னாலேயே கிளம்பி, கராஸ் ஊரில் எர்மெலிந்தா அம்மாவின் கடையில் கொஞ்ச நாள் தங்கிவிட்டு வா. இங்கே வந்த பிறகும் உடனே ஏரிக்குப் போக வேண்டாம். வீட்டில் கிட. ஏன் என்று கேட்காதே. அக்கா சொன்னால் கேள்.

உன் அக்கா
தோமிதிலா

*

சிம்போத்தே
மே 9, 1998

அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வா என்கிறாய், ஆனால் வழியில் நில் என்கிறாய். வந்தாலும் வெளியே போகாதே என்கிறாய். கடன்காரனைக்கூட நம் ஊரில் வாசலில் இத்தனை நேரம் நிற்கவைக்க மாட்டார்கள். நான் வருவதில் உனக்கு இஷ்டமில்லை என்றால் நேரடியாகவே சொல்லிவிடலாம். பதினோரு வருஷம் கழித்து வருகிறவன் வீட்டில் இடம் கேட்பானோ என்று பயமா?

சொரோச்சே எல்லாம் கடற்கரைக்காரனுக்கும் வெளிநாட்டு கிரிங்கோவுக்கும் வருகிற நோய். நமக்கு எதற்கு வருகிறது? அந்தக் காற்றைக் குடித்துத்தானே வளர்ந்தோம். நேராக வருகிறேன். மலைக் கணவாயில் வழிப்போக்கர்கள் சேர்க்கும் கற்குவியலில் வைக்கத் துறைமுகக் கரையிலிருந்து ஒரு கல்லும் எடுத்து வைத்துவிட்டேன். எங்கிருந்து நடையைத் தொடங்குகிறாயோ அங்கிருந்து கல் கொண்டுவர வேண்டும் என்பதை நான் மறந்துவிடவில்லை. நீ நினைப்பது போல நான் ஒன்றும் கரைக்காரன் ஆகிவிடவில்லை.

சான் யுவானுக்கு முதல்நாள் உன் வாசலில் நிற்பேன். கதவைத் திறந்தால் போதும்.

எலாதியோ

*

சக்காபம்பா
ஜூன் 28, 1998

எலாதியோவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

கதவைத் திறந்தேன். கஞ்சி ஊற்றினேன். சான் யுவான் நெருப்பைச் சுற்றி, சோளக்கள் சிச்சா குடித்துவிட்டு, நீ ஆடிய ஆட்டத்தை ஊரே பார்த்தது. மறுநாள் காலை விசிலடித்துக்கொண்டு மேலே போனாய். சாயங்காலம் உனக்காக உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகாரியோ மட்டும் வந்தான். நீ வேறு பாதையில் இறங்கி, அந்த லீமாக்காரர்களின் வண்டியிலேயே கராஸுக்குப் போய்விட்டாயாம்.

"ஏன் சொல்லாம போயிட்டான்?" என்று கேட்டேன். அவன் கழுதையின் காதில் உண்ணி பார்க்கிறான். "நல்லாத்தான் நடந்தான்," என்றான். "அப்புறம்?" என்றேன். "அவனையே கேளு தங்கச்சி." அதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கழுதையின் காதிலிருந்தும் ஒன்றும் வரவில்லை.

உன் போஞ்சோ போர்வை இங்கேயே கிடக்கிறது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

தோமிதிலா

*

சிம்போத்தே
ஜூன் 30, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

சொல்லாமல் வந்துவிட்டேன், மன்னித்துக்கொள். நொர்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது, அதனால் அவசரம். இப்போது தேவலை. மலையேற்றம் நன்றாக முடிந்தது. லீமாக்காரர்களுக்குத்தான் வழக்கம்போல வாந்தி, தலைவலி. நான் நன்றாக இருக்கிறேன்.

ஆலையில் மறுபடி கூப்பிட்டுவிட்டார்கள். ஆகையால் மகாரியோவிடம் எனக்காக ஒன்றும் கேட்க வேண்டாம். அங்கே வருகிற எண்ணம் இனி இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எலாதியோ

*

சக்காபம்பா
ஜூலை 3, 1998

என் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நேற்று உன் கடிதம் வந்தது. உன் கடிதம் எதுவும் இதுவரை இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

பதினோரு வருஷமாக நீ போட்ட ஒவ்வொரு கடிதத்திலும் மீன் நாற்றம் அடிக்கும். இதில் இல்லை. பூனை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது. நானும் முகர்ந்தேன். ஃபினாயில்.

நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. உன்னைப் பார்க்கக் கீழே வரப்போவதும் இல்லை. வந்தால் என் முகத்துக்கு நேராகப் பொய் சொல்ல வேண்டிவரும், பாவம் உனக்கு.

உன் போஞ்சோ, ஒரு பை வறுத்த சோளம், மலைப்புதினா ஒரு கட்டு எல்லாம் லாரிக்காரரிடம் கொடுத்து கராஸில் எர்மெலிந்தா அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன். நீ சிம்போத்தேயில் இருந்தால் அவள் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். வேறெங்காவது பக்கத்தில் இருந்தால் அதற்கு முன்பே கிடைத்துவிடும். ராத்திரி குளிருகிறது, போர்த்திக்கொள்.

அக்கா

*

கராஸ்
ஜூலை 19, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தடவை ஊர்ப் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறேன், பார். எர்மெலிந்தா அம்மா கடையின் பின்கட்டில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே, உன் சோளத்தைக் கொறித்துக்கொண்டு எழுதுகிறேன். உடம்பு தேறிவிட்டது. மாடி ஏறினால் மட்டும் கொஞ்சம் இளைக்கிறது. நொர்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பொய். ஆலையில் கூப்பிட்டதும் பொய். ஆலையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டார்கள். விடுப்பு என்று முதலில் எழுதினேனே, அதுவும் பொய்தான். இந்த வேலையை நம்பித்தான் வந்தேன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் மேட்டில் எனக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. கூட்டத்தில் லீமாவிலிருந்து ஒரு டீச்சர் இருந்தார். பத்தடி நடப்பதும் வாந்தி எடுப்பதுமாக வந்தார். "டீச்சரம்மா, மலை உங்ககிட்ட வாடகை வாங்குது," என்று நான் கிண்டல் செய்தேன். அவர் கோபப்படவில்லை. இலையை மென்றுகொண்டு நத்தை மாதிரி வந்தார். நான் முன்னால் ஓடுவதும் திரும்பி வந்து கூப்பிடுவதுமாக இருந்தேன். மகாரியோ பின்னாலிருந்து பார்க்கிறானே!

பாதி வழியில் எனக்குத் தலை இடிக்க ஆரம்பித்தது. சிச்சாவின் வேலை என்று நினைத்தேன். அப்புறம் இருமல். தூசி என்று நினைத்தேன். கால் பின்னியது, செருப்பின் மேல் பழி போட்டேன். எதன் மேல் வேண்டுமானாலும் பழி போடலாம், சொரோச்சே என்று மட்டும் நான் எப்படிச் சொல்வேன்? ஊரில் பிறந்தவனுக்கு அது வந்தால் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? மலைக்கு அவனைத் தெரியவில்லை என்பார்கள். கரையில் என்ன செய்துவிட்டு வந்தானோ, மலை துப்பிவிட்டது என்பார்கள். டீச்சர் வாந்தி எடுத்தால் அது வெறும் வாந்தி. நான் எடுத்தால் அது தீர்ப்பு. அதனால் பாறைக்குப் பின்னால் போய் எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி வந்தேன்.

கணவாய்க்குக் கொஞ்சம் கீழே என் கூட்டத்தில் எத்தனை பேர் என்பது எனக்கு மறந்துவிட்டது. எண்ணுகிறேன், ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு வருகிறது. அந்த டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, எனக்கு முடியல, நான் முடியலன்னு சொல்றேன். உங்களுக்கும் முடியல. நீங்க நடிக்கிறீங்க. உங்க உதடு ஊதாச் சோளம் மாதிரி இருக்கு," என்றார்.

மகாரியோ வந்து என் நெஞ்சில் காதை வைத்தான். நெஞ்சுக்குள் பானை கொதிப்பது போல ஒரு சத்தம், அக்கா. எனக்கே கேட்டது. இருமினால் ரோஜா நிறத்தில் நுரை.

"ஏறு கழுதை மேல."

"கழுதை மேலயா? நான் வழிகாட்டிடா!"

"வழிகாட்டிதான், யாரு இல்லைன்னா? இப்பக் கீழ போற வழியைக் காட்டு, ஏறு."

பக்கவாட்டுப் பாதையில் இறங்கினால் வண்டி நிற்கும் என்று, கூட்டத்தோடு என்னையும் கழுதையில் கட்டிவைத்து இறக்கினான். வழியெல்லாம், "ஊர்ல ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீ சாகாம இரு, அது போதும்," என்றுகொண்டே வந்தான். நான்தான் அவனிடம் சத்தியம் வாங்கினேன், அவன்மேல் வருத்தப்படாதே. இறங்க இறங்கவே மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

கராஸ் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயை மாட்டினார்கள். இரண்டு நாள் கழித்து டாக்டரம்மாவிடம் கேட்டேன். "மலைக்கு என்னைத் தெரியாமப் போச்சா டாக்டர்?"

"மலைக்கு எதுக்குய்யா ஆளைத் தெரியணும்? அது மலை," என்றார். அப்புறம் என் கட்டிலிலேயே உட்கார்ந்து சொன்னார்: "மேல பொறந்து வளர்ந்து, கீழ போய் ரொம்ப நாள் இருந்துட்டு, திடீர்னு திரும்பி வந்து வேகமா ஏறுறாங்க பாருங்க, அவங்களுக்கு இது வரும். நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். நெஞ்சு கீழ்நாட்டுக்குப் பழகிடுச்சு, காலுக்கு மட்டும் மேல்நாட்டு ஞாபகம். லீமாக்காரங்க பயந்து மெதுவா போறாங்க. நீங்க சொந்த வீடுன்னு ஓடுறீங்க. நாலஞ்சு நாள் இங்க, நாலஞ்சு நாள் நடுவுலன்னு தங்கித் தங்கிப் போனா ஒண்ணும் ஆகாது."

கராஸில் தங்கிவிட்டு வா என்று நீ சொன்னாய். நான் அதை, வராதே என்று படித்தேன். மன்னித்துவிடு அக்கா. துறைமுகக் கல் கணவாய் போய்ச் சேரவில்லை. இங்கே ஜன்னலில் இருக்கிறது.

உன் தம்பி எலாதியோ

*

கராஸ்
ஆகஸ்ட் 24, 1998

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? லாரி வரும்போதெல்லாம் போய் நிற்கிறேன். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய், குளிரில் உறையவைத்த உருளைக்கிழங்கை நீர் போக மிதித்துக்கொண்டிருக்கிறாய் என்கிறார் லாரிக்காரர். கடிதம் கொடுத்தபோது வாங்கி மடியில் வைத்துக்கொண்டாயாம்.

படித்திருப்பாய். உனக்கு அவமானமாக இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. மலை துப்பிய தம்பியை எந்த முகத்தோடு ஊருக்குள் வைத்துக்கொள்வாய்? அடுத்த வாரம் சிம்போத்தே திரும்புகிறேன். அங்கே ஏதாவது கிடைக்கும். நீ பதில் போடாவிட்டாலும் வருத்தமில்லை. வருத்தம்தான், சும்மா சொன்னேன்.

எலாதியோ

*

சக்காபம்பா
செப்டம்பர் 6, 1998

என் உயிர்த் தம்பிக்கு,

நான் நலம். ரொம்ப நாளைக்குப் பிறகு நிஜமாகவே நலம்.

உனக்குப் பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். நெஞ்சுக்குள் பானை கொதிக்கிற சத்தம் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அந்தச் சத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

உன் அத்தான் ஃபவுஸ்தோ கடற்கரைக் கரும்புத் தோட்ட வேலை முடிந்து ஊருக்கு வந்தாரே, நினைவிருக்கிறதா? நெஞ்சில் சளி கட்டி இறந்தார் என்று உனக்கு எழுதியிருந்தேன். நடந்தது இது. நேராகத் திருவிழாவுக்கு வந்து சேர்ந்தார், ஆடினார். அப்புறம் ஏரிக்கரையில் மேயும் காளையைப் பிடித்துவரப் போனார். காளை முன்னால் வந்தது, அவர் பின்னால் தவழ்ந்து வந்தார். நீலமான உதடு. அதே சத்தம். அதே ரோஜா நிற நுரை. நான் மடியில் போட்டுக்கொண்டு, சூடாக இருக்கட்டும் என்று கம்பளியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கீழே இறக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விடியும்போது போய்விட்டார்.

"கரையில என்ன பாவம் பண்ணினானோ, மலைக்கே இவனைத் தெரியாமப் போச்சு," என்று என் மாமியாரே சொன்னாள், பெற்ற தாய். மலை துப்பியவனுக்குக் கணவாயில் கல் வைக்கக் கூடாது என்று விட்டுவிட்டார்கள். நானும் நம்பினேன். கீழே வேறொருத்தி இருந்திருப்பாள், அதனால்தான் மலை தள்ளிவிட்டது என்று எனக்குள் ஒரு கதை கட்டினேன். அவளுக்கு ஒரு முகம்கூட வைத்துவிட்டேன். எலாதியோ, நான் செத்தவரோடு ஏழு வருஷம் பேசாமல் இருந்தேன். கல்லறைத் திருநாளன்று எல்லோரும் அவரவர் ஆட்களுக்குப் பிடித்ததைச் சமைத்துக்கொண்டு போவார்கள். நான் அவருக்குப் பிடிக்காத கோதுமைக் கஞ்சியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்பிவிடுவேன்.

உன்னைக் கராஸில் தங்கச் சொன்னது வைத்தியம் தெரிந்து இல்லை. அவர் நேராக வந்தார், போய்விட்டார். நீயாவது நேராக வராதே என்கிற பயம். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். நீ வேண்டாம் என்று நினைக்க என்னால் முடியுமாடா?

போன ஞாயிற்றுக்கிழமை உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனேன். டாக்டரம்மா சொன்னதை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அழுதேன், திட்டினேன், மன்னிப்புக் கேட்டேன். கழுதை கத்துகிறவரை பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று அதே கடிதத்தைப் படித்தேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் நீ விடமாட்டாய். உன் மானம் கொஞ்சம் போனது, அவர் மானம் திரும்பி வந்தது. கணக்குச் சரி. கடைசியில் மகாரியோ எழுந்து, "அவன் ஏரிக்குப் போய் வந்தா போதும், எத்தனை நாள்ல ஏறினான்னு நான் கேட்கலை. இனிமே கீழேயிருந்து திரும்பி வர்ற நம்ம ஆளுங்களும் கிரிங்கோ மாதிரி தங்கித்தான் ஏறணும்," என்றான். என் மாமியார் எழுந்து வீட்டுக்குப் போனாள். மறுநாள் ஒரு கூடை உருளைக்கிழங்கு என் வாசலில் இருந்தது.

நீ சிம்போத்தே போயிருந்தால் திரும்பி வா. நொர்மாவையும் அழைத்து வா. கல்லறைத் திருநாளுக்குள் வந்து சேர். ஆனால் ஓடி வந்தாயோ, காலை ஒடிப்பேன். மெதுவாக வா.

உன் அக்கா
தோமிதிலா

*

வாய்ராபம்பா, நடுவழி
அக்டோபர் 27, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். மூச்சு சீராக இருக்கிறது. கராஸில் பத்து நாளுக்கு மேல் தங்கினோம். இப்போது இங்கே மகாரியோவின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் இருக்கிறோம். நொர்மாவுக்கு முதல் நாள் தலைவலி வந்தது. உன் மலைப்புதினாக் கஷாயத்தைக் குடித்துவிட்டு, "தலை வலிக்குது," என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறாள்! எனக்கும் லேசாக வலித்தது. நானும் சொல்லிப் பார்த்தேன். மலை ஒன்றும் இடிந்து விழவில்லை.

இங்கிருந்து பார்த்தால் உன் வீட்டு யூக்கலிப்டஸ் மரம் தெரிகிறது. புகைகூடத் தெரிகிறது, இப்போதுதான் அடுப்பு மூட்டியிருக்கிறாய். மதிய லாரியில் ஏறினால் கஞ்சி ஆறுவதற்குள் வந்துவிடலாம். வரப்போவதில்லை. வெள்ளிக்கிழமைதான் வருவோம். மகாரியோவின் ஆட்கள் தினமும் இந்த வழியாகத்தான் போகிறார்கள். "என்ன கிரிங்கோ, இன்னுமா ஏறல?" என்று கேட்கிறார்கள். "இன்னும் இல்லடா, நீ போய்க்கிட்டே இரு," என்கிறேன். முன்பானால் கேட்டவன் பல்லை உடைத்திருப்பேன்.

ஒரு செய்தி. கிளம்புவதற்கு முன் நானும் நொர்மாவும் அத்தான் வேலை பார்த்த கரும்புத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். பழைய ஆட்கள் சிலர் இருந்தார்கள். ஃபவுஸ்தோ என்றதும் சிரித்தார்கள். "அவனா? சனிக்கிழமை சம்பளம் வாங்கினா நாங்கெல்லாம் குடிக்கப் போவோம். அவன் வாய்க்கால்ல சட்டையைத் தொவைச்சுக் காயப்போட்டுட்டு, எம் பொண்டாட்டி தோமிதிலா அப்படி, எம் பொண்டாட்டி இப்படின்னு எங்க காதைத் தின்னுடுவான்," என்றார் ஒருவர். நீ முகம் வைத்துவிட்டாயே, அந்த இன்னொருத்தியைப் பற்றி அங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அந்த வாய்க்கால் கரையிலிருந்து ஒரு கல் எடுத்தோம். அவர் நடையைத் தொடங்கிய இடம் அதுதானே. என் பையில் இப்போது இரண்டு கற்கள் இருக்கின்றன. அவருடையதையும் கராஸில் தங்கவைத்து, இங்கே தங்கவைத்து, மெதுவாகத்தான் ஏற்றிக்கொண்டு வருகிறேன். கணவாய்க் குவியலில் அதை நீயே உன் கையால் வை.

அத்தானுக்குக் குய்க்கறி பிடிக்கும், மிளகாய் தூக்கலாக. இந்த வருஷம் அதைச் சமை.

உன் தம்பி
எலாதியோ